இலை மஞ்சளானால் முதலில் வேரைப் பாருங்கள்

மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழு ஒன்றில், இலை மஞ்சளான மணி பிளான்ட் படத்தைப் போட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குள் பத்து வைத்தியம் வந்துவிடும். எப்சம் சால்ட் ஒரு ஸ்பூன் கரைத்து ஊற்றுங்கள், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுங்கள், வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றுங்கள், முட்டை ஓடு, டீத்தூள், புளித்த மோர். எல்லாருமே நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். "செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறவர்தான் அபூர்வம்.

இலை மஞ்சள் என்றால் சத்துக் குறைவு, சத்துக் குறைவு என்றால் உரம். இந்தக் கணக்கு வயலில் ஓரளவு எடுபடும். வீட்டுக்குள் ஆறு அங்குலத் தொட்டியில் நிற்கும் செடிக்குப் பெரும்பாலும் எடுபடாது. அங்கே வழக்கமான கோளாறு வேறு: மண்ணில் சத்து இருக்கிறது, இலைக்குப் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று தேடினால் முதலில் வேரும், அடுத்து நாம் ஊற்றும் தண்ணீரும் மாட்டும். உண்மையாகவே உரம் போதாமல் இருப்பது அதற்கப்புறம்தான்.

## உரம் செடிக்குச் சாப்பாடு இல்லை

இன்றைய பெல்ஜியப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட், 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு மரத்தை எடுத்து நிறுத்தபோது அது 169 பவுண்டு இருந்தது. மண்ணில் குறைந்திருந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ், அதாவது அறுபது கிராம்கூட இல்லை. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டினார். அந்தக் குறிப்பு அவர் இறந்தபின் 1648இல் அச்சானது.

முடிவு பாதிதான் சரி. மீதி எடை காற்றிலிருந்து வந்தது. இலை வெளிச்சத்தின் பலத்தில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்துச் சர்க்கரை செய்கிறது. இதுதான் ஒளிச்சேர்க்கை. செடியின் சாப்பாடு இந்தச் சர்க்கரை. அப்படியானால் உரம் எதற்கு? மண்ணில் குறைந்த அந்த 2 அவுன்ஸில்தான் விஷயம் இருக்கிறது. செடிக்கு இன்றியமையாதவை என்று இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட தனிமங்கள் 17. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கிடைத்துவிடுகின்றன. மீதி 14ஐ வேர்தான் கொண்டுவர வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) போன்றவை கொஞ்சம் கூடுதலாகவும், இரும்பு, துத்தநாகம் போன்றவை துளியளவும் தேவைப்படும். அளவு குறைவுதான், ஆனால் அவை இல்லாமல் சர்க்கரை செய்யும் வேலை நடக்காது.

இதிலிருந்து வீட்டுச்செடிக்கு ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. உச்சி வெயிலில் வெளியே ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம். நம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும் ஹாலில் 300, 500 லக்ஸ் இருந்தாலே பெரிது. வெளிச்சம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது செடி சர்க்கரை செய்வதும் குறைவு, தண்ணீர் இழுப்பதும் குறைவு, அதற்குத் தேவைப்படும் உரமும் குறைவு. சோபா பக்கத்தில் நிற்கும் செடிக்கு, மாடியில் நிற்கும் செடிக்கு ஊற்றுகிற அதே கணக்கில் தண்ணீர் ஊற்றினால் மிச்சமெல்லாம் தொட்டியிலேயே தங்கும். வெளிச்சம் இல்லாத குறையை உரத்தால் ஈடுகட்டவும் முடியாது.

ஆகவே சாப்பாட்டைச் செய்வது இலை, அதற்கு வேண்டிய கொஞ்சம் தாதுக்களைக் கொண்டுவருவது வேர். வெளிச்சம் குறைந்தால் இரண்டு வேலையும் மந்தமாகும்.

## வேருக்கும் மூச்சு வேண்டும்

செடி காற்றை இலையால்தான் எடுத்துக்கொள்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். வேர் இருட்டில் கிடக்கிறது. அதனால் சர்க்கரை செய்ய முடியாது. இலை அனுப்பும் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. இதற்கு வேர்ச் சுவாசம் என்று பெயர். அந்த ஆக்சிஜன் மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து வர வேண்டும்.

ஆற்றல் எதற்கு? சத்துகள் வேருக்குள் தாமாக ஓடி வருவதில்லை. உதாரணமாக, மண் ஈரத்தில் இருக்கும் சாம்பல்சத்தைவிட வேர்ச் செல்லுக்குள் இருப்பது பலமடங்கு அதிகம். குறைவாக உள்ள இடத்திலிருந்து அதிகமாக உள்ள இடத்துக்கு ஒன்றை ஏற்ற வேண்டுமென்றால் பம்ப் அடித்துத்தான் ஏற்ற வேண்டும். வேரின் சவ்வுகளில் அப்படிப்பட்ட நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. ஆக்சிஜன் நின்றால் ஆற்றல் குறையும், பம்பும் படுத்துவிடும். மண்ணில் உரம் கிடக்க, செடி பட்டினி கிடக்கும்.

இதோடு நிற்பதில்லை. ஆக்சிஜன் இல்லாதபோது வேர்ச் செல்களில் நீர் நுழையும் வாசல்களும் மூடிக்கொள்கின்றன. அதனால்தான் சொதசொத ஈரத்தில் நிற்கும் செடி, தண்ணீரே காணாதது போல வாடித் தொங்குகிறது. பீஸ் லில்லி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சி. வாடுகிறதே என்று இன்னொரு செம்பு ஊற்றுகிறோம். அதுதான் கடைசி அடி.

தண்ணீர் நின்றால் காற்று எவ்வளவு குறையும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது ஏழரை மில்லிகிராம். அந்த ஏழரையும் தீர்ந்துபோனால் மேலிருந்து புதிதாக வந்து சேர வேண்டும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: சூடு கூடக்கூடத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, வேர் கேட்கும் ஆக்சிஜனோ கூடுகிறது. குளிர் நாட்டுக்காரர் எழுதிய "வாரம் ஒருமுறை தண்ணீர்" போன்ற அட்டவணைகளை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சுத் திணறிய வேர் பலவீனமாகிறது. அப்புறம்தான் அழுகல் வருகிறது. பித்தியம், ஃபைட்டோப்தோரா ஆகிய இரண்டும் அதில் முக்கியமான கிருமிகள். தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் வரும் நாற்றழுகல் நோய்க்கும் பித்தியம்தான் முக்கியக் காரணம். பூஞ்சை போலத் தெரிந்தாலும் இவை உண்மையான பூஞ்சை இல்லை. நீர்ப்பூஞ்சை என்று வேறு இனம். இவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போய் வேரைத் தொடும். ஈரம் நின்றால்தான் அவற்றுக்குப் பாதை. கடையில் 'பூஞ்சைக்கொல்லி' என்று கேட்டதும் எடுத்துத் தருகிற கார்பென்டசிம் மருந்து, வேறு பல பூஞ்சைகளுக்கு வேலை செய்தாலும் இவற்றிடம் பலிக்காது. மஞ்சள்தூள் தூவுவதும் நின்ற ஈரத்தை வெளியேற்றாது. டிரைக்கோடெர்மா விரிடி போன்ற நல்ல பூஞ்சைகளைத் தாராளமாக மண்ணில் கலக்கலாம். ஆனால் அது வருமுன் காக்கும் வேலைக்குத்தான், அழுகிய வேரை அது உயிர்ப்பிக்காது.

சமையலறைத் தண்ணீர் வைத்தியங்கள் கெடுப்பதும் இங்கேதான். அரிசி கழுவிய தண்ணீரில் மாவுச்சத்து இருக்கிறது, மோரில் இன்னும் என்னென்னவோ இருக்கிறது. மண் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும், பெருகும்போது ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். காற்றோட்டமான தோட்டத்து மண்ணில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஏற்கெனவே மூச்சு முட்டும் உட்புறத் தொட்டியில் வேருக்கு மிஞ்சிய கொஞ்ச ஆக்சிஜனும் போய்விடும். தொட்டியைச் சுற்றிக் குட்டி குட்டிக் கறுப்புக் கொசுக்கள் பறக்கின்றனவா? மேல்மண் காயவே இல்லை என்று அர்த்தம்.

## ஓட்டை இருக்கிறதே, பின்னே ஏன் தண்ணீர் நிற்கிறது?

ஒரு ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். சொட்டி முடித்து நிற்கும். இப்போது பிழியாமல், அப்படியே குறுகிய பக்கம் கீழே வருமாறு நிமிர்த்திப் பிடியுங்கள். திரும்பச் சொட்டும். இரண்டு நிலையிலும் ஸ்பாஞ்சின் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் நின்றுகொண்டுதான் இருக்கும். அது ஸ்பாஞ்சின் துளைகள் பிடித்து வைக்கும் தண்ணீர். நிமிர்த்தியபோது அடிப்பரப்பு சிறுத்ததால் மொத்த அளவு குறைந்தது, அவ்வளவே.

தொட்டி மண்ணும் இதையே செய்கிறது. எத்தனை ஓட்டை போட்டாலும் அடிப்பகுதியில் ஒரு பட்டை முழு ஈரமாக நின்றுவிடும். இதை நின்ற நீர்மட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண் துகளின் அளவு. நைசான மண்ணில் பட்டை உயரம், கரடான கலவையில் சில சென்டிமீட்டரே இருக்கும். தொட்டி பெரிதா சிறிதா என்பதால் இந்த உயரம் மாறாது. ஆகவே அழகுக்காக வாங்கும் அகலமான தாழ்ந்த செராமிக் தொட்டியில் பாதி மண் எப்போதும் ஈரத்திலேயே இருக்கும். அதே கலவை உயரமான தொட்டியில் மேலே நல்ல காற்றோட்டத்தோடு இருக்கும்.

தொட்டி அடியில் ஜல்லியோ உடைந்த ஓடோ போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நர்சரியிலேயே சொல்வார்கள். ஓட்டையை மண் அடைக்காமலிருக்க ஒரு ஓட்டுத்துண்டு போதும், தவறில்லை. ஆனால் இரண்டு அங்குலம் ஜல்லி கொட்டினால் நின்ற நீர்மட்டம் ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். நைசான மண்ணிலிருந்து தண்ணீர் ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. வேருக்கான இடம் இரண்டு அங்குலம் குறைந்ததுதான் மிச்சம்.

இதே காரணத்தால்தான் சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி ஆகாது. வேர் எட்டாத மண்ணில் தண்ணீரை இழுக்க ஆளில்லை.

நம் பக்கத்து நர்சரிச் செடிகளுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. ஆந்திராவில் ராஜமகேந்திரவரம் அருகிலுள்ள கடியம் வட்டாரத்திலிருந்து லாரி லாரியாகச் செடிகள் இங்கே வருகின்றன. வழியில் காயாமலிருக்க வேரைச் சுற்றிக் கெட்டியான களிமண் உருண்டையோடு வருபவை அவற்றில் நிறைய. அந்த உருண்டையை அப்படியே வைத்துச் சுற்றிலும் பொலபொலவென்று கோகோபீட் (தென்னை நார்க் கழிவு) போட்டால் சுற்றியிருப்பது ஒரு கணக்கில் காயும், நடுவிலுள்ள களிமண் வேறு கணக்கில் காயும். மேலே விரல் வைத்துப் பார்ப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. வாங்கிய சில வாரத்தில் செடி பழகியதும், அந்த மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகக் கரைத்துவிட்டு நடுவது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், ஓட்டை மிஞ்சின தண்ணீரைத்தான் வெளியேற்றும். காற்றைத் தருவது கரடான கலவையும் சரியான அளவுத் தொட்டியும்.

## அப்படியானால் பாட்டிலில் மட்டும் எப்படி வளர்கிறது?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், நியாயமான கேள்விதான். டிவி மேல் கண்ணாடி பாட்டிலில் வருஷக்கணக்காக மணி பிளான்ட் வளர்கிறது. அந்த வேர் ஏன் அழுகவில்லை?

தண்ணீரிலேயே முளைத்த வேர், மண்ணில் முளைத்த வேரைப் போன்றதல்ல. அதன் சதைக்குள் காற்று செல்லும் இடைவெளிகள் உருவாகின்றன. தண்டிலிருந்து காற்று அந்த வழியாகக் கீழே இறங்கும். நெற்பயிர் சேற்றில் நிற்பதும் இதே ஏற்பாட்டால்தான். தவிர, பாட்டில் தண்ணீரில் மண் கிடையாது, மக்கும் குப்பை கிடையாது. ஆக்சிஜனுக்குப் போட்டி போடும் நுண்ணுயிர்க் கூட்டமும் குறைவு. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது புது ஆக்சிஜனும் சேர்ந்து வருகிறது. மாற்றாமல் விட்டு, பாசி பிடித்து, விழுந்த இலை உள்ளேயே மக்கினால் பாட்டில் வேரும் அழுகத்தான் செய்யும்.

மண்ணில் வளர்ந்த வேருக்கு இந்தக் காற்றுவழி அவ்வளவாகக் கிடையாது. தொட்டியில் திடீரென்று தண்ணீர் தேங்கினால் அதை உருவாக்கிக்கொள்ள நேரமும் இல்லை. மாறாக, பாட்டிலில் பழகிய செடியை மண்ணுக்கு மாற்றினால் சில நாள் சுணங்குவதும் இதனால்தான். அதற்கு மண்வேர் புதிதாக விட வேண்டும்.

## எந்த இலை மஞ்சள்?

சரி, வேரைப் பார்த்தாகிவிட்டது, உறுதியாக நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் சத்துக் குறைவைப் பற்றிப் பேச வேண்டும். முதல் கேள்வி, மஞ்சள் விழுந்தது அடி இலையா, கொழுந்தா?

சில சத்துகளைச் செடி ஓரிலையிலிருந்து பிரித்தெடுத்து இன்னோர் இலைக்கு அனுப்ப முடியும். இவை நகரும் சத்துகள்: தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து, மெக்னீசியம். தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவி கொழுந்துக்குக் கொடுக்கும். ஆகவே அடியிலைதான் முதலில் வெளுக்கும். சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), இரும்பு, போரான் போன்றவை ஒருமுறை இலையில் போய் உட்கார்ந்தால் எளிதில் எழுந்து வராது. இவை நகராத சத்துகள். இவற்றில் குறை வந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், புது இலைதான் அடிபடும்.

அடியிலை முழுவதும் நரம்பு உள்பட ஒரே சீராக வெளுத்து, புது இலைகள் சிறுத்துக்கொண்டே வந்தால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகவும் அடியிலையில் தெரிந்தால் மெக்னீசியம். எப்சம் சால்ட் என்பது மெக்னீசியம் சல்பேட், ஆகவே இந்த ஒரு நிலைக்குத்தான் அது மருந்து. மற்ற மஞ்சளுக்கெல்லாம் அதை ஊற்றினால் கூடுதல் மெக்னீசியம் சுண்ணாம்புச்சத்தையும் சாம்பல்சத்தையும் வேருக்குள் வரவிடாமல் போட்டி போடும். அடியிலையின் ஓரம் தீய்ந்தால் சாம்பல்சத்து. கொழுந்தில் பச்சை நரம்பு வலை போலத் தெரிய, இடையெல்லாம் வெளிர்மஞ்சள் என்றால் இரும்பு. புது இலை சுருண்டு, நுனி கோணலாக வந்தால் சுண்ணாம்புச்சத்தைச் சந்தேகிக்கலாம்.

அதே சமயம் மாதக்கணக்கில் ஒன்றோ இரண்டோ அடியிலை பழுத்து விழுவதற்கு வைத்தியமே வேண்டாம். அது வயதானது.

## உப்பும் காரமும்

வேர் நன்றாக இருக்கிறது, உரமும் போடுகிறோம், ஆனாலும் நுனி கருகுகிறது, கொழுந்து வெளுக்கிறது. பல வீடுகளில் இதற்குக் காரணம் குழாயில் வருகிறது.

டிடிஎஸ் என்ற சொல்லை ஆர்.ஓ. மெக்கானிக் வீட்டுக்கு வீடு பிரபலப்படுத்திவிட்டார். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்பதே அது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க அளவாக 500ஐச் சொல்கிறது. கடலோரப் பகுதிப் போர் தண்ணீரில் 1,000ஐத் தாண்டுவது சாதாரணம். அப்படிப்பட்ட தண்ணீரை வாரம் அரை லிட்டர், அடியில் வடியவே விடாமல் ஊற்றுகிறீர்கள் என்று வையுங்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. வாரத்துக்கு அரை கிராம், வருஷத்துக்கு 26 கிராம். நாலைந்து டீஸ்பூன் உப்பு ஒரு சின்னத் தொட்டியில்! மண் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான்.

உப்பு ஏறிய மண்ணிலிருந்து வேரால் தண்ணீரை எளிதில் உறிஞ்ச முடியாது. உள்ளே போகும் உப்பு தண்ணீரோடு இலை நுனிவரை பயணித்து அங்கே தேங்கும். அதனால் நுனி காய்ந்து பழுப்பாகும். ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா வகைகளுக்குத் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடும் ஆகாது, இதே மாதிரி நுனி கருகும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்ததே.

அடுக்குமாடிகளில் இரண்டு தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. ஒன்று, ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீர். வந்த தண்ணீரின் உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். இன்னொன்று, சாஃப்டனர் வழியாக வரும் தண்ணீர். அந்த இயந்திரம் சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. மூட்டை மூட்டையாக உப்பு வாங்கி அதில் கொட்டுவது இதற்காகத்தான். சோப்பு நன்றாக நுரைக்கும், செடிக்குத்தான் ஆகாது.

உப்பை வெளியேற்ற வழி எளிது. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு, உப்புக் குறைந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் முழுக்க வடியவிட வேண்டும். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள், விட்டால் திரும்ப மேலே ஏறும்.

கோகோபீட்டும் உப்புக்கு ஒரு வழி. தென்னை நார்க் கழிவில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் உண்டு. உப்புத் தண்ணீரில் மட்டையை ஊறப்போட்டிருந்தால் இன்னும் கூடும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஏற்றுமதிக்கு அனுப்புவதை நல்ல தண்ணீரில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்துகின்றன. மலிவாகக் கிடைக்கும் கட்டி அப்படி அலசப்படாததாக இருக்கலாம். ஊறவைத்த முதல் இரண்டு மூன்று தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டுப் பயன்படுத்தினால் வம்பில்லை.

அடுத்தது காரம். கார அமில நிலை (pH) என்பது 0 முதல் 14 வரையான அளவுகோல். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு 5.5க்கும் 6.5க்கும் இடையே இருப்பது சௌகரியம். போர் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் இதை மெல்ல மெல்ல மேலே ஏற்றும். வாளியில் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீர் என்றால் சந்தேகமே வேண்டாம். ஏறினால் முதலில் அடிபடுவது இரும்பு. இந்த அளவு ஒரு படி ஏறும்போது கரைந்த நிலையில் இருக்கும் ஃபெரிக் இரும்பு (துருவில் உள்ள வகை) ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். மண்ணில் இரும்பு இருக்கிறது, துருவாக இருக்கிறது, வேருக்குக் கரைந்து கிடைக்கவில்லை. தொட்டியில் துருப்பிடித்த ஆணியைக் குத்தி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செடிக்கு உதவாத வடிவம் எதுவோ, சரியாக அதையே கொடுக்கிறார்கள்.

அன்னபேதி உப்பு, அதாவது ஃபெரஸ் சல்பேட், கார மண்ணில் போட்டால் கொஞ்ச நேரத்தில் அதுவும் துருவாகும். அதனால்தான் விவசாயிகள் அதை இலையில் தெளிக்கிறார்கள். வீட்டுக்குள் தெளித்தால் இலையிலும் சுவரிலும் கறை விழும். தொட்டிக்கு கிலேட் இரும்பு வசதி. கிலேட் என்பது இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டு, துருவாகவிடாமல் வேர்வரை கூட்டிப்போகும் ஒரு கரிமச் சேர்மம். வாங்கும்போது பெயரைப் பாருங்கள்: இடிடிஏ (EDTA) வகை 6.5 வரைதான் தாங்கும், காரத் தண்ணீர் உள்ள வீட்டில் அது வீண். இடிடிஹெச்ஏ (EDDHA) வகை 9ஐத் தாண்டியும் பிடியை விடாது. விலை கூடுதல்தான், ஆனால் தேவைப்படுவது சிட்டிகை அளவு.

ஆக, நுனி கருகினால் உப்பை நினையுங்கள், கொழுந்து வெளுத்தால் காரத்தை நினையுங்கள். இரண்டுக்கும் கூடுதல் உரம் மருந்தல்ல. முதலாவதை அது மோசமாக்கும், உரமும் ஒரு உப்புதானே.

## செடியை எடுத்துப் பார்ப்பது

பயப்பட வேண்டாம், ஒருமுறை எடுத்துப் பார்த்ததால் செடி செத்துவிடாது. மண் கொஞ்சம் காய்ந்திருக்கும்போது தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டி, தண்டின் அடியைப் பிடித்து உருவுங்கள். முதலில் முகருங்கள். மழை பெய்த மண் வாசம் வந்தால் நல்லது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா வேலை செய்கிறது.

பிறகு வேரை விரலால் பிடித்துப் பாருங்கள். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கோகோபீட் சாயத்தில் நல்ல வேரும் பழுப்பாகத் தெரியும், டிரசீனா வேர் இயற்கையிலேயே ஆரஞ்சு. கெட்டியாக இருக்கிறதா என்பதே சோதனை. நல்ல வேர் விறைப்பாக இருக்கும், மடக்கினால் பட்டென்று ஒடியும். அழுகிய வேரை இரு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல வழுக்கிக்கொண்டு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு இழை மட்டும் நிற்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

வேர் கெட்டியாக இருந்து, தொட்டி வடிவத்துக்கே சுற்றிச் சுற்றி மண்ணே தெரியாமல் பின்னியிருந்தால் அழுகல் இல்லை, இட நெருக்கடி. ஓர் அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றினால் தீர்ந்தது. வேரில் பஞ்சு போல வெள்ளைத் திட்டுகள் ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சியாக இருக்கலாம். அதைப் பெர்லைட் (கலவையில் காற்றோட்டத்துக்குச் சேர்க்கும் லேசான வெள்ளைத் துகள்) என்று நினைத்து விட்டுவிட வேண்டாம்.

அழுகல் என்று தெரிந்தால், ஸ்பிரிட் துடைத்த கத்தரியால் வழுக்கும் வேரையெல்லாம் கெட்டியான இடம்வரை வெட்டிவிடுங்கள். இரக்கம் பார்க்க வேண்டாம். பழைய மண்ணைக் குப்பையில் போடுங்கள். வேர் பாதியாகிவிட்டதென்றால் இலையும் கொஞ்சம் குறைக்கப்பட வேண்டும், இருக்கிற வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. மணி பிளான்டாக இருந்தால் வெட்டிய கொடியைக் கணுவோடு தண்ணீரில் போட்டுவையுங்கள். தாய்ச்செடி பிழைக்காவிட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

கலவைக்கு நான் சொல்வது இது: அலசிய கோகோபீட் இரண்டு பங்கு, பெர்லைட் அல்லது தூசி போகக் கழுவிய பெருமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. ஸ்நேக் பிளான்ட், இஸட்இஸட் பிளான்டுக்குப் பெருமணலை இரட்டிப்பாக்கலாம். நைசான மணல் வேண்டாம், அது இடைவெளியை அடைக்கத்தான் செய்யும். தொட்டி, மிச்சமுள்ள வேருக்கு ஏற்றதாக, தேவைப்பட்டால் பழையதைவிடச் சின்னதாகவே இருக்கட்டும்.

நட்டபின் ஒருமுறை முழுக்க நனைத்து, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். அடுத்த தண்ணீர் எப்போது என்பதற்குக் கிழமைக் கணக்கு கூடாது. தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். நனைத்தவுடன் ஒரு கனம், காய்ந்தபின் ஒரு கனம். நாலைந்து முறை தூக்கினால் கைக்குப் பழகிவிடும். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால் ஒரு மூங்கில் குச்சியை அடிவரை குத்தி எடுங்கள். ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் பொறுக்கலாம்.

புது இலை விரியும்வரை உரம் கிடையாது. மண்புழு உரத்தில் இருப்பதே அதுவரை போதும். விரிந்தபின் 19:19:19 உரத்தில் லிட்டருக்கு அரை கிராம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஈர மண்ணில் ஊற்றலாம். அந்த எண்கள் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம். சுண்ணாம்பும் மெக்னீசியமும் அதில் பெரும்பாலும் இருக்காது. போர் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் அந்த இரண்டும் தண்ணீரிலேயே வந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ மட்டும் ஊற்றுகிறவர்கள்தான் தனியாகச் சேர்க்க வேண்டும்.

வைத்தியம் பலித்ததா என்பதைப் புது இலையில் பாருங்கள். ஏற்கெனவே முழுதும் மஞ்சளான இலை எதைச் செய்தாலும் பச்சைக்குத் திரும்பாது. பாதி பச்சையாக இருக்கும் இலையை அவசரப்பட்டுக் கிள்ள வேண்டாம். அதிலுள்ள தழைச்சத்தை உருவித்தான் செடி புதுத் துளிரை விடுகிறது. லேசாக இழுத்ததும் கழன்று வரும் நிலைக்கு வந்தபின் எடுத்தால் போதும்.